ஸ்ட்ரைக்கர் அடிக்கும் விரல்

எனக்கு எழுத்து சரியாக வராது. அஞ்சாம் கிளாஸோடு நின்றவள். எந்த இடத்தில் புள்ளி வைக்கணும், எந்த இடத்தில் கொம்பு போடணும் என்பதெல்லாம் பழக்கம் விட்டுப் போயிற்று. நடந்ததிலும் பாதி மறந்திருக்கிறது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளணும். என் மகள்தான், "உனக்கு ஞாபகம் இருக்கறா மாதிரியே எழுதும்மா" என்றாள். வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் முடியாது என்றிருப்பேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

இது என் மகளுடைய விரலைப் பற்றியது. வலது கை ஆள்காட்டி விரல், அதிலும் நகத்துக்குக் கீழே இருக்கிற கடைசி மூட்டு. இவ்வளவு சின்ன இடத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்தச் சின்ன இடத்தில்தான் அப்போது எங்கள் வீட்டின் நினைப்பு முழுக்க இருந்தது.

நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. நான் எறா கம்பெனியில் இறால் உரிக்கப் போவேன். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு விட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தாலிக்கயிற்றைத் தொட்டால்கூடத் தெரியாது, விரல் அப்படி மரத்திருக்கும். மகள் ஒருத்திதான். ப்ளஸ் டூ முடித்திருந்தாள்.

எங்கள் தெருமுனையில் தகரக் கூரை போட்ட கேரம் கிளப் ஒன்று இருந்தது. நாலைந்து போர்டு, ஒவ்வொரு போர்டுக்கும் மேலே தகர மூடி போட்ட பல்பு. உள்ளே பேச்சு சத்தம் குறைவு. காய் மோதுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். அதை நடத்தியவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். பகலில் லேத் பட்டறை வேலை, சாயங்காலம் கிளப். மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய நைனா, அதாவது என் வீட்டுக்காரர், டீ குடிக்கப் போகும்போது அங்கே ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுப் போவார். அப்படி உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டாள். பெரியவளான பிறகு மீசை வைத்த ஆம்பளைகளெல்லாம் அவளிடம் தோற்றுவிட்டுப் போவார்கள். "இன்னா மாமு, பொண்ணாண்ட வாங்கிகினியா?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். தோற்றவர், "பல்பு கண்ணுல அடிச்சிச்சிபா" என்பார். பல்பு எல்லாருக்கும் மேலேதான் இருந்தது.

கேரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற காய்களைத் தள்ளுகிற பெரிய காய்க்கு ஸ்ட்ரைக்கர் என்று பேர். என் மகள் மற்ற விரல்களைப் போர்டில் ஊன்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலின் நுனியால் ஸ்ட்ரைக்கரைத் தள்ளுவாள். ஓங்கி அடிக்கிற மாதிரித் தெரியாது. ஆனால் காய் ஓடிப்போய்க் குழியில் விழுந்திருக்கும். ஒவ்வொரு தடவை கையைப் போர்டில் வைப்பதற்கு முன்னாலும் கட்டைவிரலால் அந்த விரலை அழுத்திச் சொடக்கு எடுப்பாள். அங்கே ஆடுகிற எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. மாஸ்டரும் எடுப்பார். சொடக்கு வந்தால் விரல் தயார் என்று அர்த்தம்.

அந்த வருஷம் ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கிற செலக்‌ஷன் வந்தது. டீமில் வந்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனு போடலாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அதற்குமேல் எனக்கு விவரம் தெரியாது. அவளும் என்னோடு எறா கம்பெனிக்கு வந்து ஐஸில் கையை விடக் கூடாது என்பது மட்டும் எனக்கு மனசில் இருந்தது. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அது குழாயில் தண்ணீர் வராத காலம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். காலையில் லாரி வரும். லாரி நிற்பதற்கு முன்னாலேயே சண்டை தொடங்கிவிடும்.

"யக்கோவ், ஓஸ் பைப்ப இப்டி தள்ளு!"

"வரிசைல வா. இன்னா, உங்கப்பன் வூட்டு தண்ணியா?"

"எங்கப்பன் வூட்டு தண்ணியா இருந்தா உனுக்கு ஏன் தரப்போறன்?"

அந்த நெரிசலில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் இடுப்பிலிருந்து நிறைகுடம் நழுவியது. என் மகள் பிடிக்கப் போனாள். பிளாஸ்டிக் குடம்தான், ஆனால் தண்ணீரோடு கனம். குடத்தின் விளிம்பு நேராக விரல் நுனியில் இறங்கியது. குடம் தப்பித்தது. "யம்மா" என்று அவள் கத்தினதைக் கேட்டு ஓடினேன். விரல் நுனி, நகத்தோடு சேர்ந்து, பின்பக்கமாக மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

அவள் நைனா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி ஆச்சு? காட்டு. ஐய, இதுக்கா இம்மாங் கூச்சல்? தோ பாரு, மேல காக்கா குந்திகினு கீது."

அவள் மேலே பார்த்தாள். அவர் விரலைப் பிடித்து ஒரே இழுப்பு. சொடக்கென்று சத்தம் வந்தது. விரல் நேராகிவிட்டது.

"அவ்ளோதான். ஹார்பர்ல எத்தினி பேருக்கு இழுத்து உட்டுகீறேன் தெரியுமா? டாக்டரு இன்னாத்துக்கு?"

அவர் சொன்னது பொய்யில்லை. மூட்டைக்கு நடுவிலும் கொக்கியிலும் விரல் மாட்டிக்கொள்வது அங்கே எப்போதும் நடப்பது. பக்கத்தில் இருக்கிறவன் இழுத்துவிடுவான், துணியைக் கிழித்துச் சுற்றுவான், அடிபட்டவன் அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுப்பான். அந்த வேலைக்கு அது போதும். மூட்டையைத் தாங்குவது தோளும் உள்ளங்கையும். நுனி மூட்டு கொஞ்சம் கோணினாலும் மூட்டை கோணாது.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போட்டேன். வீங்கியது, கறுத்தது, பிறகு வடிந்தது. மடக்கினால் வலி இருக்கிறது, ஆனால் மடங்குகிறது என்றாள். கிளப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் ஸ்ட்ரைக்கர் அவள் சொன்ன இடத்துக்குப் போகாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்து சொல்வாள். "ரெண்டு அடி ஒயுங்கா போவுதும்மா. மூணாவது எங்கியோ ஓடிப்பூடுது." முதலில் ஸ்ட்ரைக்கர்மேல் பழி போட்டார்கள். வேறு ஸ்ட்ரைக்கர் மாற்றினார்கள். பிறகு பவுடர் நமத்துப்போயிற்று என்றார்கள். வேறு டப்பா வந்தது. அப்புறம் போர்டு. கடல் காற்றில் உப்பு ஏறிப் பலகை உப்பியிருக்கும் என்று மாஸ்டர் பட்டறையிலிருந்து ரசமட்டம் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாராம். போர்டைச் சுற்றி எல்லாரும் குனிந்து நின்று அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"போர்டு சோக்கா கீதுபா," என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். "கோணல் வேற எங்கியோ கீது."

"செலக்‌ஷன் பயம் மாஸ்டர், வேற இன்னா" என்றார் ஒருவர்.

"மாப்ள கீப்ள பாக்கறாங்களாம்மா வூட்ல?" என்றார் இன்னொருவர்.

"உன் பொண்டாட்டிய எப்ட்றா உனுக்குப் பாத்தாங்கன்னு நெனச்சேன், அதான் அடி தப்பிடுச்சி" என்று இவள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வயசில் பெரியவரை டா போட்டதற்கு நான் வீட்டில் திட்டினேன். ஆனால் அவளுக்குப் பயம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அந்தக் கோணலை நான் கண்டது சாப்பாட்டில். ரசம் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயசிலிருந்து சிந்தாமல் சாப்பிடுகிறவள். அன்றைக்கு ஆள்காட்டி விரல் பக்கமாகவே சோறு ஒழுகியது. மற்ற விரல்களெல்லாம் குவிகின்றன, அது மட்டும் குவியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விரலை மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் கடைசி மூட்டில் ஒரு சின்னப் படி மாதிரி இருந்தது. நகம் இருக்கிற துண்டு ஒரு நூல் மேலே ஏறியிருந்தது.

"இன்னாடி இது?"

"அதுவா? இப்போ பாரு." கையைக் கழுவிவிட்டுச் சொடக்கு எடுத்தாள். படி போய்விட்டது. "போச்சா? அவ்ளோதாம்மா."

வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"சொடக்கு வருதில்ல?" என்றார்.

"வருது."

"வந்தா மூட்டு நல்லா கீதுன்னு அர்த்தம். வரலைன்னாதான் பேஜாரு."

எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் நம்பினோம். நானும்தான். ஆனால் சோறு ஒழுகியது மனசில் நின்றுகொண்டே இருந்தது. மறுநாளும் பார்த்தேன். சாப்பிட உட்காரும்போது படி இருந்தது. சொடக்கு எடுத்தால் போயிற்று. தட்டு கழுவிவிட்டு வரும்போது மறுபடி இருந்தது. மாஸ்டரும் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "யக்கா, எதுக்கும் பெரியாஸ்பத்திரில ஒருவாட்டி காட்டிடு" என்றார். அதற்கப்புறம் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. அவருக்கு லீவு கிடையாது. நானும் அவளும் பஸ் ஏறிப் போனோம்.

கூட்டம். உட்கார்ந்து உட்கார்ந்து எங்கள் முறை வந்தபோது ஒரு சின்ன வயசு டாக்டர் இருந்தார். விரலைப் பிடித்து மடக்கினார், நீட்டினார். "வீக்கம் இல்லை, மடங்குது. சுளுக்குதான். எதுக்கும் ஒரு எக்ஸ்ரே பாத்துடலாம்" என்றார்.

எக்ஸ்ரே அறையில் ஒரு மேஜை. அதில் கையை வைக்கச் சொன்னார்கள். நான் கதவருகே நின்று பார்த்தேன். கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

படத்தை டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எலும்பு முறியலை. மூட்டும் அதோட இடத்துலதான் இருக்கு. மாத்திரை சாப்பிட்டா வலி போயிடும்."

வெளியே வந்ததும் அவளுக்குச் சந்தோஷம். "நைனா சொன்னதுதான் கரெக்டு பாத்தியா? அநியாயத்துக்கு ஒரு நாள் பிராக்டிஸு போச்சு." ஆஸ்பத்திரி காம்பவுண்டு ஓரம் இருந்த கடையில் டீயும் பன்னும் வாங்கினோம். அவள் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தாள். பிய்க்கிற விரலைப் பார்த்தேன். அந்தப் படி மறுபடி வந்திருந்தது.

எக்ஸ்ரே மேஜையில் அவள் கையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி சொடக்கு எடுத்தியா?"

அவள் யோசித்தாள். "எடுத்திருப்பேன். கைய பலக மேல வெச்சா அது தானா வந்துடுதும்மா."

"அப்போ அவங்க புடிச்சது சொடக்கு எடுத்த விரலு."

"அதுக்கு?"

"திரும்பிப் போலாம்."

"உடும்மா, திட்டுவாங்க. கூட்டத்த பாத்தல்ல?"

திட்டுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். கம்பெனியில் சூப்பர்வைசரிடம் ஒரு மணி நேரம் முன்னால் வீட்டுக்குப் போகக் கேட்பதற்கே நான் பக்கத்தில் இருக்கிறவளை விட்டுக் கேட்கச் சொல்லுவேன். பன்னைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நடந்தேன். நடந்துகொண்டே இருந்தால்தான் போவேன், நின்றால் நின்றுவிடுவேன் என்று தெரியும்.

வாசலில் இருந்த ஆள், "இன்னாமா, பாத்தாச்சில்ல? அடுத்தவங்களுக்கு வயி உடு" என்றார். அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டேன். இப்போது சின்ன டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் வயசான டாக்டரம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல நினைத்தது ஒன்று. வாயில் வந்தது இது:

"போட்டோல இருக்கறது சொடக்கு எடுத்த விரலு. சொடக்கு எடுக்காத விரல பாக்கணும்."

சின்ன டாக்டர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "என்னம்மா சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். இன்னொரு தரம் எனக்குச் சத்தமே வரவில்லை. பின்னால் வந்த என் மகள்தான் குடம் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"கேரமா? எப்படி அடிப்பே? இதுல காட்டு" என்று டாக்டரம்மா ஒரு மாத்திரை டப்பாவின் மூடியை மேஜையில் வைத்தார்.

இவள் கையை ஊன்றினாள். மூடி மேஜைமேல் பறந்து சின்ன டாக்டரின் டீ கிளாஸில் மோதியது. அவர் கிளாஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இன்னொண்ணு அடி" என்றார் டாக்டரம்மா. அடித்தாள். அப்புறம் இன்னொன்று. அந்தத் தடவை மூடி ஓரமாகச் சாய்ந்து கீழே விழுந்தது. டாக்டரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே இரு. தொடாதே. சொடக்கு எடுத்தே, அடி விழும்."

மறுபடி எக்ஸ்ரே. இந்தத் தடவை மற்ற விரல்களையெல்லாம் மடக்கச் சொல்லி, அந்த ஒரு விரலைப் பக்கவாட்டில் வைத்து எடுத்தார்கள். கட்டைவிரல் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா ஆள் அனுப்பினார்.

அந்தப் படத்தில் எனக்கே தெரிந்தது. இரண்டு எலும்பு. நுனி எலும்பு கீழ் எலும்புக்கு நேராக இல்லாமல், விரலின் முதுகுப் பக்கமாக ஏறி உட்கார்ந்திருந்தது.

டாக்டரம்மா பேனா முனையை வைத்துக் காட்டினார். "இது முழுசா கழண்டது இல்ல, பாதி கழண்டது. ரெண்டு எலும்பும் தொட்டுக்கிட்டுதான் இருக்கு, ஆனா நேருக்கு நேரா இல்ல. முழுசா கழண்டிருந்தா நீங்களே ஓடி வந்திருப்பீங்க. பாதி கழண்டது ஏமாத்தும். மடங்கும், நீளும், வேலையும் செய்யும். உள்ளங்கைப் பக்கமா இந்த மூட்டைப் பிடிச்சு வெக்கிற ஒரு பட்டை இருக்கு. அது கிழிஞ்சிருக்கு. இழுத்தா உள்ள போகும். ஆனா பிடிச்சு நிறுத்தி வெக்க எதுவும் இல்ல. ஒரு அடி அடிச்சா மறுபடி ஏறிடுது."

"சொடக்கு வந்தா நல்லதுன்னு எங்க நைனா சொன்னாரு" என்றாள் மகள்.

"நல்லா இருக்கிற விரல்ல வர்ற சொடக்கு வேற. அதால ஒண்ணும் ஆகாது. உனக்கு வர்றது எலும்பு ஏறி இறங்குற சத்தம்."

நான் தலையை ஆட்டினேன். புரியாவிட்டாலும் ஆட்டுவது என் பழக்கம். அது தெரிந்ததால் மகள் என் பக்கம் திரும்பினாள்.

"யம்மா, காயி குயி வாயில தொங்கிகினு நிக்கும், பாத்துகீறியா? பாதி போர்டு மேல, பாதி குயி மேல. உள்ளயும் வியல, போர்டுலயும் ஒயுங்கா இல்ல. அது மாதிரி."

அதைச் சொன்னதும் எனக்குப் புரிந்தது. அப்படிக் குழி ஓரத்தில் நிற்கிற காயைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அது போர்டில்தான் இருக்கிறது என்பார்கள்.

விரலின் அடியில் ஊசி போட்டு மரக்கவைத்து, மூட்டை நேராக்கி, நுனி வழியாக மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, சில வாரம் அசையாமல் வைக்கணும் என்றார் டாக்டரம்மா. ஏற்கனவே தாமதம், இன்னும் விட்டால் கிழித்துத்தான் சரிசெய்ய முடியும் என்றார். செலக்‌ஷன் அந்தச் சில வாரத்துக்குள் வந்துவிடும்.

"செலக்‌ஷன் முடிச்சிட்டு வரட்டா டாக்டர்?"

"வா. உன் விரல், உன் இஷ்டம். ஆனா நீ அடிக்கிற ஒவ்வொரு அடியிலயும் அந்த எலும்பு முனை தேயும். அப்புறம் நான் நேரா வெச்சாலும் வலி போகாது. ரெண்டையும் ஒட்டவெச்சு அசையாம ஆக்கிவிடத்தான் முடியும்."

பஸ்ஸில் அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவள் அந்த செலக்‌ஷனுக்குப் போகணும் என்றும் இருந்தது, அந்த விரலை இனி ஒரு அடிகூட அடிக்கக் கூடாது என்றும் இருந்தது.

சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் படத்தைப் பல்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்த நான் இழுத்தேனே. உக்காந்துச்சே."

"உக்காந்துச்சி நைனா" என்றாள் மகள். "தங்கல."

"மொத்தமே நாலஞ்சு மேட்சு. டேப்பு சுத்திகினு ஆடட்டும், அப்பால கம்பி வெச்சிக்கலாம். இன்னா மாஸ்டர்?"

மாஸ்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். லேத் வேலைக்காரர், அளவு பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இத்தோட ஆடினா செலக்‌ஷன்ல தோப்பா. தோத்துட்டு வெரலையும் உடணுமா?"

"அப்போ செலக்‌ஷன உட்டுட சொல்றியா?"

"நான் இன்னா சொல்றது? வெரலு யாருது?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு ஏதாவது சொல்லணும்போல இருந்தது. "எறா கம்பெனி எங்கியும் ஓடிப்பூடாது. வெரல பாரு" என்றேன். இதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்காரர் கேட்டார். வேலை கிடைக்காமல் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம், விரல் போனால் திரும்ப வராது என்பது அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"நாளைக்குக் கம்பி வெச்சிக்கறேன்" என்றாள். "செலக்‌ஷனுக்கும் போறேன். நடுவெரலால ஆடறேன்."

"நடுவெரலால நீ எப்போ ஆடினே?" என்றார் நைனா.

"இனிமே."

கம்பி வைத்தார்கள். நுனியில் கொஞ்சம் வெளியே தெரிந்தது, அதன்மேல் பஞ்சும் கட்டும். அந்த விரல் போர்டைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டுப் போட்ட விரலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நடுவிரலால் அடித்துப் பழகினாள். கிளப்பில், "யாருக்குமா ஓட்டுப் போட சொல்ற?" என்று கிண்டல் செய்தார்களாம். அவளும் சிரித்திருக்கிறாள்.

செலக்‌ஷனில் முதல் ஆட்டத்தில் ஜெயித்தாள். இரண்டாவதில் தோற்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து, "பசிக்குது" என்றாள். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். அழவில்லை. நான்தான் சமையல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் நைனா சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார்.

கம்பியை எடுத்தபோது மூட்டு விறைத்திருந்தது. வெந்நீரில் வைத்து மெதுவாக மடக்கச் சொன்னார்கள். மடக்குவாள், பல்லைக் கடிப்பாள். எவ்வளவு செய்தும் மற்ற விரல் அளவுக்கு அது மடங்கவில்லை. நான் கவலைப்பட்டபோது, "அடிக்கறதுக்கு மடங்க வேணாம்மா. நேரா நின்னா போதும்" என்றாள்.

டாக்டரம்மா ஆடலாம் என்று சொன்ன அன்றைக்கு நான் கிளப் வாசல் வரைக்கும் போனேன். அதற்கு முன்னால் அந்த வாசலில் நான் நின்றதில்லை. மாஸ்டர் ஒரே ஒரு வெள்ளைக் காயை எடுத்துத் தூரத்துக் குழிக்குப் பக்கத்தில் வைத்தார். மற்ற போர்டுகளிலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அவள் நைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் கையைப் போர்டில் வைப்பதற்கு முன்னால் கட்டைவிரல் பழக்கத்தில் அந்த விரலைப் போய் அழுத்தியது. சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தவில்லை. நிமிர்ந்து வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் எப்போதும்போலத் தலையை ஆட்டினேன்.

கையை ஊன்றி அடித்தாள். ஸ்ட்ரைக்கர் நேராகப் போயிற்று. காய் விழுந்தது. மாஸ்டர் காயை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார். அதுவும் விழுந்தது. அப்புறம் அதற்கடுத்ததும். "போதும் மாஸ்டர், கொயந்த கை வலிக்கும்" என்று அவள் நைனா சொன்ன பிறகுதான் விட்டார்.

அடுத்த வருஷம் டீமில் எடுத்தார்கள். வேலை உடனே வரவில்லை. மனு போட்டு, காத்திருந்து, வந்தது. எறா கம்பெனிக்கு அவள் ஒரு நாளும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிறவரைக்கும் ஹார்பரில் யாராவது விரல் மாட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினால், "நான் இயுக்க மாட்டேன்பா. சைடுல ஒரு போட்டோ எடுத்துகினு வா. எடுக்கறதுக்கு முன்னாடி சொடக்கு எடுக்காத" என்று சொல்லி அனுப்புவாராம். அவர்கள் அவரைத் தாண்டிப் போய் வேறு யாரையாவது இழுத்துவிடச் சொல்வார்களாம். அவரே சொல்லிச் சிரிப்பார். இன்றைக்கும் அவளுக்கு அந்த மூட்டில் சொடக்கு வராது. சோறும் ஒழுகாது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கிழிந்த பட்டை உள்ளங்கைப் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். டாக்டரம்மா அப்படித்தான் காட்டினார் என்று ஞாபகம். நான் மாற்றிச் சொல்கிறேனோ என்னவோ. கம்பி நுனி வழியாகப் போயிற்றா, பக்கத்திலிருந்து போயிற்றா என்பதும் கட்டு இருந்ததால் நான் சரியாகப் பார்க்கவில்லை. ஆட்டத்தைப் பற்றி எழுதியதை என் மகள் படித்துத் திருத்தட்டும். எலும்பைப் பற்றி எழுதியதை மட்டும், டாக்டருக்குப் படித்தவர்கள் யாராவது ஒருதரம் பார்த்துச் சொல்லணும். நான் தப்பாக எழுதி, அதை நம்பி எங்கேயாவது ஒருத்தர் இன்னொருத்தர் விரலைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது.